மீதி பத்து மாத்திரை

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் ஒரு மருந்துக் கடை. இடுப்பில் குழந்தையுடன் வந்த பெண் மாத்திரை அட்டையை நீட்டினார். "அண்ணா, பாப்பாவுக்கு பேதி நாலே நாள்ல நின்னுருச்சு. மீதி பத்து மாத்திரையைத் திருப்பி எடுத்துக்கறீங்களா?" கடைக்காரர் மறுத்துவிட்டார். பிரித்த அட்டையை வாங்குவதில்லையாம். அந்தப் பத்தையும் குழந்தைக்கே கொடுத்து முடிக்க வேண்டும் என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

அது துத்தநாக மாத்திரை. ஜிங்க் என்றால்தான் கடையில் புரியும். பேதியோடு உடலிலிருந்து துத்தநாகமும் வெளியேறுகிறது. இரும்பைப் போல இதற்கு உடலில் தனிச் சேமிப்புக் கிடையாது. புண்பட்ட குடல் ஆறவும் நோய் எதிர்ப்புச் சக்தி மீளவும் அது தேவை. முழுத் தவணையும் முடித்த குழந்தைக்கு அடுத்த இரண்டு மூன்று மாதங்களில் பேதி திரும்பும் வாய்ப்புக் குறைகிறது. உப்பு-சர்க்கரைக் கரைசலோடு 10 முதல் 14 நாட்கள் ஜிங்க் கொடுக்கும்படி 2004ல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் சொன்னது இதனால்தான். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, பேதி கண்ட குழந்தைகளில் கரைசல் பெற்றவர்கள் சுமார் 61 சதவீதம். ஜிங்க் பெற்றவர்கள் 31 சதவீதம்தான். அட்டையை முடித்தவர்கள் எத்தனை பேரோ!

நாக்கில் உலோகக் கசப்பு, சில குழந்தைகளுக்கு வாந்தி. தாய்மார்கள் நிறுத்த இதுவும் காரணம். இந்தியாவிலும் டான்சானியாவிலும் 4,500 குழந்தைகளிடம் நடந்து 2020ல் வெளியான ஆய்வில், வழக்கமான 20 மில்லிகிராமுக்குப் பதில் 5 அல்லது 10 கொடுத்தபோதும் பலன் குறையவில்லை, வாந்தி குறைந்தது. அளவைக் குறைக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நாட்களை நீங்களாகக் குறைக்காதீர்கள்.

மனிதனுக்குத் துத்தநாகக் குறைவு வரும் என்று முதலில் சந்தேகித்தவர் பீகாரின் பக்ஸரில் பிறந்த டாக்டர் ஆனந்த பிரசாத். 1958ல் ஈரானின் ஷிராஸ் நகரில் அவரிடம் வந்த 21 வயது இளைஞர் சிறுவனைப் போல இருந்தார். சாப்பாடு பெரும்பாலும் புளிக்காத ரொட்டி. தானியத்தின் ஃபைடேட் என்ற பொருள் துத்தநாகத்தை உடலில் சேரவிடாமல் பிடித்துவைத்துக்கொண்டது. எகிப்தில் அவர் பிறகு நடத்திய ஆய்வுகள் சந்தேகத்தை உறுதி செய்தன.

நம் தட்டிலும் அதே ஃபைடேட் உண்டு. 2016-18 தேசிய ஊட்டச்சத்து ஆய்வில் 10 முதல் 19 வயதினரில் 32 சதவீதம் பேருக்குத் துத்தநாகம் குறைவு. ஆட்டிறைச்சி, முட்டை சாப்பிடுகிற வீட்டில் கவலை குறைவு. மற்றவர்களுக்குப் பருப்பும் எள்ளும் கேழ்வரகும்தான். அரிசியைவிடக் கேழ்வரகில் துத்தநாகம் சுமார் இரண்டு மடங்கு. ஃபைடேட்டும் கூடவே இருப்பதால், முளைகட்டி, உலர்த்தி அரைத்த மாவில் கஞ்சி காய்ச்சுவது நல்லது. முளைக்கும்போது ஃபைடேட் கணிசமாகக் குறைகிறது. இரவெல்லாம் புளிக்கிற இட்லி மாவிலும் அதேதான் நடக்கிறது.