ஒயினுக்கு ஒரு நாக்கு, கள்ளுக்கு வேறு நாக்கா?

யாரையும் குடிக்கச் சொல்லி இதை எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடியால் கெட்ட குடும்பங்களை நானும் பார்த்தவன்தான். என் சண்டை வேறு.

ஒக்கூரிலிருந்து சிங்கப்பூர், லண்டன், துபாய் என்று போன பிள்ளைகளிடம் சில வருஷமாக ஒரு பழக்கம் வந்திருக்கிறது. விசேஷத்துக்கு ஊருக்கு வரும்போது ஆளுக்கொரு ஐரோப்பிய சிவப்பு ஒயின் பாட்டில் கொண்டுவருகிறார்கள். பெரியவர்கள் படுத்த பிறகு மச்சில் கூடி, பாட்டிலைக் காகிதம் சுற்றி மறைத்து, எது போர்தோ, எது கியாந்தி, எது ரியோஹா என்று கண்டுபிடிக்கும் விளையாட்டு. பெரியவர்களில் நான் ஒருவன் மட்டும் படுக்காமல் மாடியேறிவிடுவேன். சர்க்கரை ஆலை ஆய்வகத்திலேயே காலத்தைக் கழித்தவனுக்குப் புளித்த சாறு அந்நியமில்லை. "வாங்க ஐயா" என்று நாற்காலி போடுவார்கள். எனக்கும் அரைக் கிண்ணம் வரும்.

நல்ல விளையாட்டுதான், குறை சொல்லமாட்டேன். போர்தோ என்றால் கேபர்னே சோவினியோன், மெர்லோ திராட்சைகள். கியாந்திக்கு சாஞ்சியோவேசே, ரியோஹாவுக்கு தெம்ப்ரானில்யோ. பழகிய நாக்கு பிரித்துச் சொல்லிவிடும். ஆனால் அவர்கள் சொல்கிற சொற்கள் இருக்கின்றனவே! "பிளாக்கரண்ட் வாசனை வருது, சீடார் மரம் வருது" என்கிறார்கள். பிளாக்கரண்ட் செடியை எத்தனை பேர் கண்ணால் பார்த்திருப்பார்கள்? நாவல்பழம் தின்று நாக்கெல்லாம் ஊதாவாகத் திரிந்த பிள்ளைகள் இவர்கள். அந்தக் கிண்ணத்தில் இருந்தது அந்த நாவல்பழத்தின் துவர்ப்பு. கியாந்தியில் இருந்தது களாக்காய்ப் புளிப்பு. 'டானின்' என்றால் என்ன என்று விளக்க ஆங்கிலப் புத்தகங்கள் அரைப் பக்கம் செலவழிக்கின்றன. நம் பாட்டன் துவர்ப்பை அறுசுவையில் ஒன்றாக வைத்துவிட்டுப் போய்விட்டான். வாழைப்பூவும் பாக்கும் கடுக்காயும் கண்ட வாய்க்கு அதை யார் சொல்லித்தர வேண்டும்?

இன்னொன்று. சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டுமாம், குளிரவைக்கக் கூடாதாம். எந்த ஊர் அறை? அங்கே அறை என்றால் 16, 18 டிகிரி. சித்திரை மாதத்தில் எங்கள் மச்சு ராத்திரியிலும் முப்பதுக்குக் கீழே இறங்காது. அந்தச் சூட்டில் ஆல்கஹால் நெடிதான் முந்திக்கொண்டு மூக்கில் ஏறும். அரைமணி நேரம் பிரிட்ஜில் வையுங்கள் என்றால், "அது வெள்ளை ஒயினுக்குத்தான் ஐயா" என்று எனக்குப் பாடம் எடுக்கிறார்கள்.

பாட்டிலுக்குக் காகிதம் சுற்றுவதை மட்டும் மனமாரப் பாராட்டுகிறேன். 1976 மே 24 அன்று பாரிஸில் இப்படித்தான் பெயரை மறைத்து வைத்தார்கள். பிரெஞ்சு நடுவர்களே கலிபோர்னியாவின் சிவப்பு ஒயினுக்கு முதலிடம் கொடுத்தார்கள். 2001-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இன்னும் வேடிக்கை. போர்தோவில் ஒயின் பற்றியே படிக்கும் 54 மாணவர்களிடம் வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் அதற்கும் சிவப்பு ஒயினின் வாசனைகளைத்தான் எழுதிக்கொடுத்தார்கள். நாக்கு தனியாகப் பேசுவதில்லை, கண்ணும் பெயரும் விலையும் கூடவே பேசுகின்றன.

அதனால்தான் ஒருநாள் கேட்டேன்: "அந்தக் காகிதத்தை ஒரு கள்ளுக் கலயத்துக்கும் சுற்றிப் பார்க்கலாமே?"

மச்சில் பேச்சு நின்றுபோனது. பிறகு ஒருவன், "கள்ளா? அது லோக்கல் ஐயா" என்றான். போர்தோவும் போர்தோக்காரனுக்கு லோக்கல்தான். அந்த லோக்கலை அவன் 1855-இலேயே ஐந்து தரமாகப் பிரித்துப் பட்டியல் போட்டு, இன்றுவரை அதை வைத்து விலை சொல்லுகிறான். நாமோ நம் லோக்கலைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்துகிறோம்.

ஒயினில் இவர்கள் வியப்பதெல்லாம் என்ன? மண், மழை, அந்த வருஷத்து வெயில், செய்தவன் கை. இதில் எது பனையில் இல்லை? பனையேறி விடியலிலும் பொழுது சாயும்போதும் ஏறி, பாளையை இடுக்கி, சீவி, கலயம் கட்டுகிறான். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாவிட்டால் காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் மரத்திலேயே வேலையைத் தொடங்கிவிடும். காலையில் இனிப்பு தூக்கல், மத்தியானத்தில் புளிப்பும் நுரையும், மறுநாள் காடி. ஒயினுக்கு வருஷக் கணக்கு என்றால் கள்ளுக்கு மணிக் கணக்கு. எழுபதுகளின் தொடக்கத்தில் கடை திறந்திருந்த காலத்தில், காலைக் கள்ளை வாயில் வைத்ததும் எந்தக் கரைப் பனை என்று சொல்லும் கிழவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு யாரும் சான்றிதழ் கொடுக்கவில்லை.

மாசாத்தியார் பிறந்த ஊர்க்காரர்களுக்குச் சங்க இலக்கியத்தை நான் நினைவூட்ட வேண்டியதில்லை. யவனர் கொண்டுவந்த தேறலைப் பாண்டியன் நன்மாறன் பொற்கிண்ணத்தில் அருந்தட்டும் என்று நக்கீரர் வாழ்த்துவதும் புறநானூறுதான். அதியமான் இறந்தபோது ஔவையார் அழும் பாட்டில் முதலில் நினைவுக்கு வருவது அவன் பகிர்ந்து கொடுத்த கள். அதுவும் அதே புறநானூறுதான். யவனர் மது வந்த ஆம்போரா ஜாடிகளின் ஓடுகளை 1945-இல் வீலர் அரிக்கமேட்டில் தோண்டி எடுத்தார். நம் வைகை கடலில் சேருமிடத்துக்குப் பக்கத்தில், அழகன்குளத்திலும் அவை கிடைத்தன. இத்தாலி மதுவும் பனங்கள்ளும் ஒரே நாட்டில் ஒன்றையொன்று இழிக்காமல் இருந்திருக்கின்றன.

இன்று நிலைமை என்ன? 1987-இலிருந்து தமிழ்நாட்டில் கள் இறக்கி விற்பது குற்றம். 2003-இலிருந்து சில்லறை மதுக்கடையை அரசே நடத்துகிறது. கள்ளில் ஆல்கஹால் நூற்றுக்கு நாலைந்து, ஒயினில் பன்னிரண்டு பதின்மூன்று, டாஸ்மாக் பிராந்தியில் 42.8. அந்தப் பிராந்தியும் திராட்சையிலிருந்து வடித்ததா? பெரும்பாலும் மொலாசஸ், அதாவது ஆலையில் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கழிவுப்பாகு. டேங்கர் லாரிகள் அதை ஏற்றிக்கொண்டு போவதை வருஷக் கணக்காகப் பார்த்தவன் நான். பனை மாநில மரமாம். அதில் ஏறுகிறவன் கலயத்தில் சுண்ணாம்பு இல்லையென்றால் போலீஸ் வருமாம்.

"கள்ளில் கலப்படம் செய்வார்கள்" என்பார்கள். செய்வார்கள்தான். 1985-இல் ஆஸ்திரியாவில் ஒயினுக்கு இனிப்பும் கனமும் கூட்ட டைஎதிலின் கிளைகால் என்ற நச்சு ரசாயனத்தைக் கலந்தார்கள். 1986-இல் இத்தாலியில் மெத்தனால் கலந்த ஒயினால் இருபது பேருக்குமேல் செத்தார்கள். ஆஸ்திரியா திராட்சைக் கொடியை வெட்டவில்லை, ஐரோப்பாவிலேயே கடுமையான ஒயின் சட்டங்களில் ஒன்றைப் போட்டது. நம் பக்கம் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் சாராயம் அறுபது பேருக்குமேல் காவு வாங்கியது. அன்று கள் தடையில்தான் இருந்தது. தடை யாரைக் காப்பாற்றியது?

"ஏழை குடித்துக் கெடுவான்" என்பது அடுத்த வாதம். இதை லேசாகத் தள்ள மாட்டேன், கூலிக்காசைப் பறிகொடுக்கும் பெண்கள் கேட்கிற கேள்வி அது. மொத்தமாக எல்லாவற்றையும் மூடு என்று ஒருவர் சொன்னால் மரியாதையோடு கேட்டுக்கொள்வேன். ஆனால் 42.8-ஐ வீதிக்கு வீதி விற்றுக்கொண்டு நாலரையை மட்டும் தடுப்பவர் அந்தப் பெண்களின் பெயரைச் சொல்லக் கூடாது. மச்சில் உட்கார்ந்து மண்ணின் மகிமை பேசுகிறவர்கள் இதைக் கேட்டு வாய் திறக்காமல் இருப்பது எனக்கு இன்னும் எரிச்சல். பெயரைப் பார்க்காமல் சுவையைப் பார் என்று எனக்குக் காகிதம் சுற்றிக் காட்டியவர்களே அவர்கள்தானே?

அவர்களுக்கு ஒரு யோசனை வைத்திருக்கிறேன். அடுத்த விசேஷத்துக்கு வரும்போது ஒருநாள் கூட்டி இருக்கட்டும். காலையில் கிளம்பி மதுரை, தேனி வழியாகக் கம்பம் போவோம். அங்கே பன்னீர் திராட்சைத் தோட்டத்தில் இறங்கிப் பழம் தின்போம். அது மஸ்கட் ஹாம்பர்க் என்ற ஐரோப்பிய ரகம்தான், கொடி நம் மண்ணில் எப்படிப் பழகியிருக்கிறது என்று அவர்கள் பார்க்கட்டும். பிறகு மலையேறிக் குமுளி தாண்டினால் கேரளம், உரிமம் பெற்ற கள்ளுக்கடை. அங்கே பெரும்பாலும் தென்னங்கள்தான், பரவாயில்லை. நோட்டும் பேனாவும் கொண்டுவரட்டும், டிரைவர் மட்டும் குடிக்காதவராக இருக்கட்டும். வண்டிச் செலவு என்னுடையது.