வரவும் செலவும்

கைபேசி வாங்கக் கடைக்குப் போகிறவர்கள், “பாட்டரி எவ்வளவு பெரியது?” என்றே முதலில் விசாரிக்கிறார்கள். பிள்ளையின் சம்பளத்தைக் கேட்டுவிட்டு, அவனுடைய செலவுகளைக் கேளாமல் சம்பந்தம் பேசுவதற்கு ஒப்பானது இது. பாட்டரி வெறும் வரவுதான். செலவாளிகளில் திரைக்கு அடுத்தபடி நாம் கவனிக்க வேண்டியது பிராஸஸர் என்னும் சில்லு.

1985-ம் வருஷம் ஏப்ரலில், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில், ஏகார்ன் கம்பெனியைச் சேர்ந்த ஸோபி வில்ஸனும் ஸ்டீவ் பர்பரும் வகுத்த முதல் ‘ஆர்ம்’ சில்லைச் சோதித்தார்கள். சில்லு வேலை செய்தது. மின்சாரத்தை அளக்கும் மானியோ பூஜ்யத்தைக் காட்டிற்று! விசாரித்ததில், சில்லுக்குரிய மின்சாரம் வந்து சேரவேயில்லை என்று தெரிந்தது. சுற்றியிருந்த பாகங்களிலிருந்து கசிந்த சொற்ப மின்சாரமே அதற்குப் போதுமானதாயிருந்தது. இன்றையக் கைபேசிச் சில்லுகள் பெரும்பாலும் அதன் வம்சத்தவையே.

சில்லின் மின்செலவு, வேகம் இரட்டித்தால் இரட்டிக்கும். மின்னழுத்தம் இரட்டித்தாலோ நான்கு மடங்காகும். வேகத்தைக் கூட்ட அழுத்தத்தையும் கூட்ட வேண்டியிருப்பதால், அவசரத்துக்கு விலை அதிகம். ஆகவேதான் பெரியதும் சிறியதுமான இருவகைக் ‘கோர்’களை ஒரே சில்லில் சேர்க்கும் ஏற்பாட்டை 2011-ல் ஆர்ம் கம்பெனியார் வெளியிட்டார்கள். கடிதம் வந்ததா என்று பார்க்கச் சிறியது. விளையாட்டுக்கும் படப்பிடிப்புக்கும் பெரியது. வேலையில்லாதபோது இரண்டும் உறங்கும்.

ஒரே அளவு பாட்டரி கொண்ட இரு கைபேசிகளில் ஒன்று இரவு வரை தாங்க, மற்றொன்று மாலையிலேயே ஓய்ந்துவிடுவதற்கு இந்தச் சிக்கன வித்தியாசமும் ஒரு முக்கிய காரணம். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கும் குடும்பத்தார், பாட்டரியின் அளவோடு பிராஸஸரின் பெயரையும், அது வெளிவந்த வருஷத்தையும் கேட்டறிந்த பிறகே பணத்தை எண்ணிக் கொடுப்பது உத்தமம்.