சூரியன் குறிபார்த்துச் சுடுவதில்லை

சூரியனில் வெடிப்பு என்றதும் தொலைக்காட்சியில் ஒரு படம் போடுவார்கள்: பூமியை நோக்கி நேரே பாயும் நெருப்பு அம்பு. எனக்கு அந்தப் படத்தின் மேல் தீராத எரிச்சல். தீபாவளிச் சங்குசக்கரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு பொறியும் நேரே கிளம்பினாலும், சுழற்சியால் மொத்தக் கோலமும் சுருளாகிவிடும். சுழலும் சூரியனின் காந்தப்புலக் கோடுகளும் அப்படித்தான் சுருள்கின்றன. இயற்பியலாளர் யூஜின் பார்க்கர் 1958-இலேயே சொன்னது இது. வெடிப்பில் கிளம்பும் புரோட்டான் முதலான துகள்கள் அந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டுதான் வரும். அதனால் நமக்கு நேர் எதிரே நடக்கும் வெடிப்பைவிட, சூரியனின் மேற்குப் பக்கத்து வெடிப்புதான் பல நேரம் துகள்களைச் சீக்கிரம் கொண்டுவந்து சேர்க்கும். இதுவும் முழுக் கதையல்ல. 2011 நவம்பர் 3 அன்று, பூமியிலிருந்து தெரியாத பின்பக்கத்தில் ஒரு வெடிப்பு. சூரியனைச் சுற்றி வெகுதூரம் பிரிந்து நின்ற, சூரியனைக் கண்காணிக்கும் இரண்டு ஸ்டீரியோ விண்கலங்களும், பூமிக்கு அருகிலிருந்த கலங்களும் சில மணி நேரத்துக்குள் துகள்களைப் பதிவு செய்தன. துகள்கள் கோடுவிட்டுக் கோடு தாவினவா, வெடிப்பின் அதிர்வலை அவற்றை அகலமாக முடுக்கிவிட்டதா என்று வாக்குவாதம் ஓயவில்லை. இந்தத் துகள்கள் விண்வெளி வீரர்களுக்கு ஆபத்து; நிலவுக்கு மறுபடி ஆள் அனுப்புகிறவர்கள் சூரியனின் பின்பக்கத்துக்கும் ஒரு நிரந்தரக் கண் வைக்க வேண்டாமா? இருந்த இரண்டில் ஸ்டீரியோ-பி 2014-லேயே தொடர்பை இழந்துவிட்டது.