ஆட்சியை காப்பாற்றிய 9.. அடுத்த ஆட்சியை காட்டிய 13! 22 தொகுதி இடைத்தேர்தல் சொன்ன கணக்கு

இடைத்தேர்தல் என்றாலே நம்ம ஊரில் ஒரு பேச்சு உண்டு. "ஆளுங்கட்சிதான் ஜெயிக்கும், இதுல என்ன பார்க்க வேண்டி இருக்கு?" என்பார்கள். மந்திரிகள் தெருத்தெருவாக வருவார்கள், ரோடு போடுவார்கள், பணப்பட்டுவாடா புகார் கிளம்பும், கடைசியில் ஆளுங்கட்சி வேட்பாளர் மாலையோடு நிற்பார். 2009 ஜனவரியில் நடந்த திருமங்கலம் இடைத்தேர்தலுக்கு பிறகு "திருமங்கலம் பார்முலா" என்ற வார்த்தையே புழக்கத்துக்கு வந்து விட்டது.

ஆனால் 2019-ல் நடந்தது வேறு கதை. ஒரே நேரத்தில் 22 தொகுதிகள். ஆட்சி நிற்குமா, கவிழுமா என்பதே கேள்வி. அதனால்தான் அதை "மினி சட்டசபை தேர்தல்" என்றார்கள்.

22 எப்படி வந்தது?

2016 டிசம்பர் 5-ந்தேதி ஜெயலலிதா மறைந்தார். அதன்பின் அ.தி.மு.க. உடைந்தது. 2017 பிப்ரவரி 18-ந்தேதி எடப்பாடி பழனிசாமி நம்பிக்கை ஓட்டு கேட்டார். ஆதரவு 122, எதிர்ப்பு 11. எதிர்த்து ஓட்டு போட்டது ஓ.பன்னீர்செல்வம் அணி.

அதே ஆண்டு ஆகஸ்டில் இரு அணிகளும் கை கோர்த்தன. மறுநாளே டி.டி.வி.தினகரன் ஆதரவு எம்.எல்.ஏ.க்கள் 19 பேர் கவர்னரை பார்த்து முதல்வருக்கு எதிராக கடிதம் கொடுத்தார்கள். அதில் ஒருவர் திரும்பி வந்து விட்டார். மீதி 18 பேரை செப்டம்பர் 18-ந்தேதி சபாநாயகர் தனபால் தகுதி நீக்கம் செய்தார்.

வழக்கு ஐகோர்ட்டுக்கு போனது. 2018 ஜூனில் இரண்டு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பு தந்தார்கள். அக்டோபர் 25-ந்தேதி மூன்றாவது நீதிபதி "தகுதி நீக்கம் செல்லும்" என்றார். இதோடு கருணாநிதி மறைவால் திருவாரூர், ஏ.கே.போஸ் மறைவால் திருப்பரங்குன்றம், கனகராஜ் மறைவால் சூலூர், அமைச்சர் பாலகிருஷ்ணா ரெட்டிக்கு சிறை தண்டனை விதிக்கப்பட்டதால் ஓசூர். மொத்தம் 22.

கோட்டை கணக்கு

18 பேர் வெளியே போனதால் எடப்பாடிக்கு லாபமும் இருந்தது. சபையில் ஆள் குறைந்தால் மெஜாரிட்டிக்கு தேவையான எண்ணும் குறையும். 22 இடம் காலியாக இருந்தபோது சபையில் இருந்தவர்கள் 212 பேர். அதில் 107 போதும். சபாநாயகரையும் சேர்த்து அ.தி.மு.க.வுக்கு 114 இருந்தது.

22 இடங்களும் நிரம்பி விட்டால் கதை மாறும். 234 பேர் கொண்ட சபையில் 118 வேண்டும். காகிதத்தில் பார்த்தால் 4 இடம் போதும். ஆனால் அந்த 114-க்குள் இரட்டை இலையில் ஜெயித்த கூட்டணிக்காரர்கள் 3 பேர் இருந்தார்கள். தினகரன் பக்கம் சாய்ந்தவர்களும் இருந்தார்கள். ஆகவே எட்டு, பத்து கிடைத்தால்தான் எடப்பாடிக்கு தூக்கம் வரும் என்ற நிலைமை.

தி.மு.க.வுக்கு 88, காங்கிரசுக்கு 8, முஸ்லிம் லீக்குக்கு 1. ஆக 97. அவர்கள் சொந்த பலத்தில் 118-ஐ தொட 22-ல் 21 வேண்டும்!

ஒரே பூத்.. ரெண்டு தீர்ப்பு

ஏப்ரல் 18-ந்தேதி பாராளுமன்ற தேர்தலோடு சேர்த்து 18 தொகுதிகளிலும், மே 19-ந்தேதி மீதி 4 தொகுதிகளிலும் ஓட்டுப்பதிவு நடந்தது. மே 23-ந்தேதி எண்ணிக்கை.

டெல்லிக்கான ஓட்டில் தி.மு.க. கூட்டணி 38-ல் 37-ஐ அள்ளியது. அந்த அலைக்கு சட்டசபை இடங்களும் மொத்தமாக போயிருக்க வேண்டாமா? போகவில்லை. தி.மு.க. 13, அ.தி.மு.க. 9.

தேனியை பாருங்க. அந்த ஒரே ஒரு பாராளுமன்ற தொகுதியில்தான் அ.தி.மு.க. ஜெயித்தது. ஓ.பி.எஸ். மகன் ரவீந்திரநாத்குமார் எம்.பி. ஆனார். ஆனால் அதே தேனிக்குள் இருக்கும் ஆண்டிபட்டியும் பெரியகுளமும் தி.மு.க.வுக்கு போய்விட்டன. எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் நின்று ஜெயித்த ஆண்டிபட்டியில் இரட்டை இலைக்கு லோகிராஜன், உதயசூரியனுக்கு அவரது உடன்பிறந்த மகாராஜன். ஜெயித்தது மகாராஜன்.

தர்மபுரியில் இது அப்படியே தலைகீழ். பாராளுமன்றத்துக்கு மாம்பழம் சின்னத்தில் நின்ற அன்புமணி தோற்றார். அதே தொகுதிக்குள் உள்ள அரூரிலும் பாப்பிரெட்டிப்பட்டியிலும் இரட்டை இலை ஜெயித்தது.

ஒரே நாள், ஒரே பூத், பக்கத்து பக்கத்துல ரெண்டு மெஷின். டெல்லிக்கு யார், கோட்டைக்கு யார் என்று ஜனங்க தனித்தனியாக யோசித்துதான் பட்டனை அழுத்தி இருக்கிறார்கள்.

18 பேர் என்ன ஆனார்கள்?

ஆட்சியை ஆட்டி வைப்போம் என்று கிளம்பிய 18 பேரில் இந்த தேர்தலில் ஜெயித்து சபைக்கு திரும்பியவர் ஒரே ஒருவர். அரவக்குறிச்சி செந்தில்பாலாஜி. அவரும் தி.மு.க.வில் சேர்ந்து நின்றதால் வந்தார். தினகரனின் அ.ம.மு.க.வுக்கு ஒரு இடம்கூட கிடைக்கவில்லை.

முடிவில் அ.தி.மு.க. 123, தி.மு.க. 101. ஆட்சி தப்பியது. அக்டோபரில் விக்கிரவாண்டி, நாங்குநேரி இரண்டையும் பிடித்து அ.தி.மு.க. 125 ஆனது. "எடப்பாடி நின்னு விட்டார்" என்று பேச்சு வந்தது.

யாரும் கவனிக்காத கணக்கு

ஆனால் 22-க்குள் இன்னொரு செய்தி இருந்தது. தி.மு.க. ஜெயித்த 13-ல் ஏற்கனவே அதன் கையில் இருந்தது திருவாரூர் மட்டுமே. மற்ற 12-ம் 2016-ல் அ.தி.மு.க. ஜெயித்த இடங்கள்.

2021 பொதுத்தேர்தலில் என்ன ஆனது? அந்த 13-ல் 12-ஐ தி.மு.க. கூட்டணி தக்க வைத்தது. திருப்பரங்குன்றம் மட்டும் கை நழுவியது. அ.தி.மு.க.வோ தன் 9-ல் அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, நிலக்கோட்டை, சூலூர் ஆகிய 4-ஐத்தான் காப்பாற்றியது. சோளிங்கர், மானாமதுரை, சாத்தூர், பரமக்குடி, விளாத்திகுளம் ஐந்தும் போயின. மாநில அளவில் தி.மு.க. 133, அ.தி.மு.க. 66.

அதாவது தெற்கில் கிடைத்த வெற்றி தற்காலிகம், தர்மபுரியிலும் கோவை பக்கமும் இருந்த பிடிதான் நிஜம் என்பது 2021-ல் தெரிந்தது. 9-ஐ பார்த்து நிம்மதி அடைந்தவர்கள் அந்த 12-ஐ பார்த்து கொஞ்சம் பயந்திருக்கலாம்.

கடைசியாக ஒரு விஷயம். காலியான இடத்துக்கு 6 மாதத்துக்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவ சட்டம். கோர்ட்டு வழக்கில் மாட்டிய அந்த 18 தொகுதிகளிலும் 20 மாதம் எம்.எல்.ஏ.வே கிடையாது. தண்ணி வரலைன்னாலும், பட்டா கிடைக்கலைன்னாலும், ரோடு பழுதானாலும் சபையில் எழுந்து கேட்க ஆள் இல்லை. கட்சிகள் போட்ட கூட்டல் கழித்தலில் அந்த 20 மாதத்தை யாரும் சேர்க்கவே இல்லை. ஓட்டு போட்டவர்களுக்கு மட்டும் அது மறந்திருக்காது.