கதவைத் தட்டுகிறவன்

டெக்சாஸில் இருக்கிற அண்ணன் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது இரவு இரண்டு மணி. பெரியப்பா பையன். விமானம் தாமதம், போனில் சார்ஜ் இல்லை, வாசல் மணி வேலை செய்யவில்லை. பக்கவாட்டுக் கதவைத் தட்டினேன். உள்ளே விளக்கு எரிந்தது, ஆங்கிலத்தில் ஒரு அதட்டல் வந்தது. “அண்ணா, நாந்தான்” என்றேன். கதவு திறந்தது. அண்ணன் கையில் கைத்துப்பாக்கி.

“கிறுக்கா, ஒரு போன் பண்ணக்கூடாதாடா?” என்று கட்டிக்கொண்டார். அண்ணி அந்நேரத்துக்கு காபி போட்டுக் கொடுத்தார். எல்லோரும் சிரித்தோம். எனக்கு மட்டும் விடியும் வரை தூக்கம் வரவில்லை.

மறுநாள் அண்ணன் விளக்கினார். எச்1பி விசாவில் இருந்தவரை சட்டம் பொதுவாக விடாது, வேட்டை உரிமம் மாதிரி சில விலக்குகள்தான் உண்டு. கிரீன் கார்டு வந்ததும் வாங்கிவிட்டார். “நம்ம ஆளுங்க வீட்டுல நகை இருக்கும்னு திருடனுக்குத் தெரியும்டா. போலீஸ் வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும். வீட்டுல ரெண்டு பசங்க இருக்காங்க. நான் என்ன செய்யட்டும்?”

இது முட்டாள்தனமான வாதம் இல்லை. இதைக் கேலி செய்து கடந்துபோகிற நம்மூர் அறிவாளிகள் மேல்தான் எனக்கு முதல் கோபம். ‘துப்பாக்கி பிடித்த அமெரிக்கர்கள்’ என்று பதிவு போட்டுவிட்டுத் தூங்கப் போகிறவர்கள். நாம் என்ன புத்தனின் பேரப்பிள்ளைகளா? வில்லியனூர் பக்கம் நாட்டு வெடிகுண்டு வீசி, அரிவாளால் வெட்டிக் கொல்வது செய்தித்தாளுக்குப் புதிய விஷயமா?

சட்டத்திலும் நாம் ஒன்றும் சாது இல்லை. இரவில் வீட்டை உடைத்து நுழைகிறவனைத் தடுக்க, வேறு வழியில்லாவிட்டால், அவன் உயிரை எடுக்கும் அளவுக்கும் போகலாம் என்கிறது பழைய தண்டனைச் சட்டத்தின் 103ஆவது பிரிவு. புதிய நியாய சன்ஹிதாவில் அதுவே 41. ஆக, வீட்டைக் காக்கும் உரிமை அண்ணனுக்கு இருப்பதுபோல பாகூரில் இருக்கிற என் அப்பாவுக்கும் உண்டு. வித்தியாசம், இரவு இரண்டு மணிக்குக் கைக்கு எட்டுகிற பொருள் எது என்பதில்தான். அப்பாவுக்கு எட்டுவது டார்ச்சும் மூங்கில் கழியும். கூடவே அவர் குரல். “யார்ரா அது?” என்று கத்தினால் நாலு வீட்டு நாய் குரைக்கும், எதிர் வீட்டு மாமா எழுந்து வருவார். தட்டியவன் வழி தவறிய குடிகாரனாக இருந்தால் திட்டு வாங்கிக்கொண்டு போவான். தவறைத் திருத்திக்கொள்ள இரண்டு பக்கமும் அவகாசம் இருக்கிறது.

துப்பாக்கி அந்த அவகாசத்தைத் தின்றுவிடுகிறது. 1992 அக்டோபரில் லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரில் யோஷிஹிரோ ஹட்டோரி என்ற 16 வயது ஜப்பானிய மாணவன் ஹாலோவீன் விருந்துக்குப் போக வீடு தேடி, தவறான வீட்டுக் கதவைத் தட்டினான். ‘ஃப்ரீஸ்’ என்று அதட்டினார் வீட்டுக்காரர். விருந்துக்கு வந்ததாகச் சொல்லியபடி அவன் முன்னே வந்தான். ஒரே குண்டு. அடுத்த ஆண்டு ஜூரி வீட்டுக்காரரை விடுதலை செய்தது. ஜப்பானில் 17 லட்சம் பேர் கையெழுத்திட்ட மனுவோடு அவன் பெற்றோர் அதிபர் கிளின்டனைச் சந்தித்தார்கள். வெளியாட்கள் சொல்லி அமெரிக்கா கேட்குமா? 2023இல் கான்சாஸ் சிட்டியில் தம்பிகளை அழைத்துவரப் போய் வீடு மாறி மணி அடித்த 16 வயது கறுப்பினப் பையன் சுடப்பட்டான். அவன் பிழைத்துக்கொண்டான்.

நானும் பிழைத்துக்கொண்டேன். தமிழில் கூப்பிட்டதால். நான் ஆங்கிலத்தில் பதில் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அண்ணனைக் கேட்டேன். “லூசு மாதிரி பேசாத” என்றார். பதில் அது இல்லை.

இங்கே நம்மவர்களில் துப்பாக்கி ரசிகர்கள் ஒரு கேள்வி வைத்திருக்கிறார்கள். எளியவன் கையிலும் துப்பாக்கி இருந்தால் வலியவன் பயப்படுவானே? 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிந்தபோது அவர்களிடம் துப்பாக்கி இருந்திருந்தால்? கேட்கவே உடம்பு கொதிக்கிற கேள்வி. ஆனால் அன்று துப்பாக்கி யாரிடம் இருந்தது? தாக்க வந்த மிராசுதார் தரப்பிடம். அது தற்செயல் இல்லை. 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் வெள்ளையருக்கு விலக்குக் கொடுத்தது. 1959 சட்டத்தில் உரிமம் அதிகாரியின் மனதைப் பொறுத்தது. அதிகாரியின் மேஜை வரை போகத் தெரிந்தவன் யார் என்று ஊருக்குத் தெரியும். தாராளமாக விற்கும் அமெரிக்காவில் மட்டும் சமத்துவமா? 1967இல் கருஞ்சிறுத்தைகள் துப்பாக்கியோடு வீதிக்கு வந்ததும், கலிபோர்னியா ஆளுநர் ரீகன் பொது இடத்தில் குண்டு நிரப்பிய துப்பாக்கி ஏந்துவதைத் தடுக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். 2016இல் மினசோட்டாவில் ஃபிலாண்டோ காஸ்டீல் என்ற கறுப்பினத்தவர், தன்னிடம் உரிமம் பெற்ற துப்பாக்கி இருக்கிறது என்று போலீஸ்காரரிடம் மரியாதையாகச் சொன்ன சில நொடிகளில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆயுதம் படிநிலையைக் கவிழ்ப்பதில்லை. படிநிலை வழியாகத்தான் அது பங்கு பிரிகிறது.

இதெல்லாம் கூட அண்ணனிடம் எடுபடவில்லை. கடைசியாக ஒன்றைச் சொன்னேன்.

2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 தற்கொலைகள். பாதிக்கும் மேலே. சுட்டது திருடன் இல்லை, திருடனைச் சுட்டதும் இல்லை. வீட்டைக் காக்க வாங்கிய பொருள் வீட்டாரையே எடுத்துக்கொள்கிறது.

இது நமக்குப் புரியாத கணக்கா? பாகூர் பக்கம் நெல், கரும்பு போடுகிற எந்த வீட்டிலும் பூச்சிமருந்து இருக்கும். அது பயிரைக் காக்க வாங்கியதுதான். எங்கள் பெரியப்பா ஒரு கடன் தகராறு நடந்த சாயங்காலம் அதைத் தேடிப் போனார். அரை மணி நேரம் தாண்டியிருந்தால் கோபம் ஆறியிருக்கும், அவர் அப்படிப்பட்ட மனிதர். அந்த அரை மணி நேரத்தைப் பூச்சிமருந்து கொடுக்கவில்லை. இலங்கையில் 1990களிலிருந்து கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். தற்கொலை விகிதம் அடுத்த இருபது ஆண்டுகளில் ஏறக்குறைய 70 சதவீதம் இறங்கியது. அங்கே மனிதர்களின் துயரம் 70 சதவீதம் குறைந்துவிடவில்லை. கைக்கெட்டிய தூரத்தில் இருந்த சாவு கொஞ்சம் தள்ளிப்போனது, அவ்வளவுதான்.

“பெரியப்பா போனப்ப உனக்கு என்ன வயசுண்ணா?”

“பதினாறு.”

“இப்ப உன் பெரியவனுக்கு?”

அண்ணன் பதில் சொல்லவில்லை. எழுந்து தோட்டத்துக்குப் போனார்.

அவர் துப்பாக்கியை விற்றுவிட்டார் என்று எழுதினால் கட்டுரை அழகாக முடியும். விற்கவில்லை. பூட்டுப் பெட்டி வாங்கியிருக்கிறார், குண்டுகளைத் தனியாக வைத்திருக்கிறார். “போதுமாடா?” என்று போனில் கேட்டார். போதாதுண்ணா. பையனுக்குப் பெட்டியின் எண் தெரியாது என்கிறீர்கள். எங்கள் வீட்டிலும் மருந்து டப்பா பரண் மேல்தான் இருந்தது.