கையை எடுத்தால் நிற்கும்

எங்கள் வீட்டுக்கு மின்சாரச் சக்கர நாற்காலி வந்து இரண்டு வருடம் ஆகிறது. பக்கவாதத்துக்குப் பிறகு என் மனைவிக்கு இடது கையும் இடது காலும் சரியாக வருவதில்லை. வலது கை நன்றாக இருப்பதால் மகன் இந்த நாற்காலியை வாங்கச் சொன்னான்.

கொண்டுவந்து இறக்கியவர் என்னிடம் கையெழுத்து வாங்கினார், மகனோடு போனில் பேசினார். அதில் உட்காரப் போகிறவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பத்து நிமிடத்தில் கிளம்பிவிட்டார். அன்று எனக்கும் அது தவறாகத் தோன்றவில்லை.

கூட வந்த கையேட்டில் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் இருந்தன. தமிழ் இல்லை. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான், எனக்கென்ன கஷ்டம்? பிறகு பார்க்கலாம் என்று பீரோவில் வைத்தேன். வேலையில் இருந்த காலமெல்லாம், விதியைப் படித்துவிட்டு வாருங்கள் என்று ஊராரைத் திருப்பி அனுப்பிய குமாஸ்தா செய்த காரியம் இது!

மூன்றாவது வாரம் ஒரு மாலை, வாசலில் நாற்காலி நகர மறுத்தது. விளக்கு மட்டும் விட்டு விட்டு எரிந்தது. உதவிக்கு வரும் பையன், "இருங்கம்மா, நான் தள்ளிக்கிறேன்" என்று சொல்லி, பின்சக்கரத்துக்குப் பக்கத்திலிருந்த இரண்டு நெம்புகோல்களையும் திருப்பினான். அதில் 'ஃப்ரீ' என்று எழுதியிருந்ததாம். செருப்பை மாட்டிக்கொள்ளக் கைப்பிடியை விட்டான். அவ்வளவுதான். நாற்காலி சாய்தளத்தில் உருண்டு கேட்டில் போய் மோதியது. இடுப்பு பெல்ட் போட்டிருந்ததால் முழங்கால் சிராய்ப்போடு போயிற்று.

"கையை எடுத்தா நிக்கும்னு சொன்னீங்களே, எடுத்தேனே!" என்று அவள் அழுதது இன்னும் காதில் இருக்கிறது. அதன் பிறகு ஒரு மாதம் அதில் உட்காரவே இல்லை.

அன்றிரவு கையேட்டின் பிரெஞ்சுப் பக்கங்களை முழுவதும் படித்தேன். நான் அவளிடம் சொன்னது பாதி உண்மை. சைக்கிளோ காரோ, நிறுத்த வேண்டுமானால் நாம் பிரேக்கைப் பிடிக்க வேண்டும். இதில் தலைகீழ். ஜாய்ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்தால் அது தானே நடுவுக்கு வரும். வேகம் குறைந்து வண்டி நிற்கும். பிறகு மோட்டாரிலுள்ள பிரேக் ஸ்பிரிங் விசையால் பிடித்துக்கொள்ளும். அதை விடுவிக்கத்தான் மின்சாரம் வேண்டும். ஆகவே பாட்டரி தீர்ந்தாலும் பிரேக் போகாது. அருமையான ஏற்பாடு. ஆனால் அந்த நெம்புகோலைத் திருப்பினால் பிரேக்குக்கும் சக்கரத்துக்கும் இருக்கும் தொடர்பே விட்டுப்போகிறது. ஆள் உட்கார்ந்திருக்கும்போது, அதுவும் சரிவில், அதைத் தொடவே கூடாது.

விளக்கு ஏன் விட்டு விட்டு எரிந்தது? சுவிட்சைப் போடும்போது அவள் கை ஜாய்ஸ்டிக்கைத் தள்ளியபடி இருந்திருக்கிறது. அப்படியிருந்தால் வண்டி பாய்ந்துவிடக் கூடாது என்று இயந்திரம் தானே தடுத்துக்கொள்கிறது. அணைத்து, கையை எடுத்து, மறுபடி போட்டிருந்தால் போதும். காப்பதற்காக வைத்த ஒன்றைக் கோளாறு என்று நினைத்து, காப்பு அத்தனையையும் கழற்றிவிட்டோம்.

சாய்தளமும் என் தவறுதான். ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும் என்பது கணக்கு. கொத்தனார் ஐந்து அடியில் முடித்தார், நானும் தலையாட்டினேன். இப்போது சுவரை ஒட்டித் திருப்பி நீளமாகக் கட்டியாயிற்று.

என் கருத்து இதுதான். பாடம் எடுக்க வேண்டியது பணம் கொடுக்கிற மகனுக்கோ கையெழுத்துப் போடுகிற கணவனுக்கோ அல்ல, உட்காருகிறவருக்கு. அவரை உட்காரவைத்து அரை மணி நேரமாவது ஓட்டிப் பழக்காமல் விற்பவர் கிளம்பக் கூடாது. நாமும் விடக் கூடாது. நெம்புகோல் பக்கத்தில் தமிழில் இரண்டு வரி ஒட்ட எவ்வளவு செலவாகிவிடும்? இரண்டாம் உலகப் போரில் அடிபட்டுக் கை கால் செயலிழந்த வீரர்களுக்காகக் கனடாவில் ஜார்ஜ் கிளைன் என்ற பொறியாளர் மின்சார நாற்காலியை உருவாக்கினார். பிறர் தள்ளாமல் அவர்களே போக வேண்டும் என்பதுதானே நோக்கம்? நாம் அதை வாங்கியும் தள்ளிக்கொண்டே இருக்கிறோம்.

இப்போது எங்கள் வீட்டில் பாடம் சொல்வது அவள்தான். கட்டிலுக்கு மாறும் முன் சுவிட்சை அணை, இல்லாவிட்டால் புடவை பட்டாலும் வண்டி நகரும். ஓடும்போது சுவிட்சை அணைக்காதே, சடாரென்று நின்று முன்னால் தள்ளும். வீட்டுக்குள் வேகம் ஒன்று, வெளியே இரண்டு. சரிவில் குறுக்கே திரும்பாதே. பின்னாலுள்ள இரண்டு குட்டிச் சக்கரங்களைக் கழற்றாதே, அவைதான் மல்லாந்து விழாமல் காப்பவை. அந்தப் பையனுக்கும் இதையெல்லாம் அவளே கற்றுக்கொடுத்தாள். என்னைக் கேட்காமல் கைப்பிடியைத் தொடாதே என்பது முதல் விதி. எனக்கும் சேர்த்துத்தான்.

மாலையில் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திய பிறகு போகிறோம். அவள் முன்னால், நான் பின்னால். சில நாள் ஹாரன் அடித்து, "சீக்கிரம் வாங்க" என்கிறாள்.