கிளம்புற நேரத்துல பெட்ஷீட் மடிக்காதீங்கப்பு!

மூலையில இருக்குற பெருக்கல் குறியை அழுத்தியாச்சு. விண்டோவும் போயிடுச்சு. ஆனா டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாத்தா ஐயா இன்னும் உள்ளயே உக்காந்திருக்கார். என்ன பண்றார்? வாங்கின மெமரியைத் துளித்துளியாத் திருப்பிக் குடுக்குறாராம்!

பொட்டி தட்டுற நம்ம கூட்டத்துல இது ஒரு சாஸ்திரம். மேலாக் போட்டா ஃப்ரீ போடணும், நியூ போட்டா டெலீட் போடணும். ஓடிட்டு இருக்குற வரைக்கும் சரிதான் சாமி. ஆனா ப்ராசஸே சாகப்போகுதே? விண்டோஸோ லினக்ஸோ, அது செத்ததும் அதோட சொந்த மெமரியை ஆபரேட்டிங் சிஸ்டமே மொத்தமா அள்ளிடும். திறந்து வெச்ச ஃபைல், சாக்கெட்டையும் அதுவே மூடிடும். நாம ஒவ்வொண்ணாப் போய் ஃப்ரீ பண்ணினா, காலையிலேர்ந்து தொடாம டிஸ்குக்குத் தள்ளப்பட்ட பக்கங்களைத் திரும்ப ராமுக்கு இழுக்கணும். எதுக்கு? தூக்கிப் போடுறதுக்கு!

லாட்ஜ் ரூமைக் காலி பண்றப்ப பெட்ஷீட்டை மடிச்சா வெக்கிறோம்? சாவியைக் குடுத்து பாக்கியைக் கட்டினாப் போதும். நம்மாளுங்க பெட்ஷீட்டை மடிச்சுட்டு சாவியை பாக்கெட்ல போட்டுட்டுப் போறாங்க!

சாவின்னா எது? ப்ராசஸ் செத்த பிறகும் உயிரோட இருக்குறது எல்லாம். டெம்ப் ஃபைல். லினக்ஸ்ல பேரு வெச்சு உருவாக்கின ஷேர்டு மெமரி. விண்டோஸ்ல கடிகாரத்துக்குப் பக்கத்துல இருந்துட்டு, மவுஸ் பட்டதும் மாயமாகுற ஐகான் பாத்திருப்பீங்களே, அதுவும் சொல்லாமப் போன ஒருத்தரோட மிச்சம்தான். டாட்நெட்ல ஸ்ட்ரீம்ரைட்டரை ஃப்ளஷ்ஷோ டிஸ்போஸோ பண்ணாம விட்டா கடைசி வரிகள் ஃபைலுக்கே போகாது. கார்பேஜ் கலெக்டர் வந்து காப்பாத்தாது.

"அப்போ மெமரி லீக்கை எப்படிப் பிடிக்கிறது?"ன்னு சண்டைக்கு வராதீங்க. வால்கிரைண்டே 'ஸ்டில் ரீச்சபிள்' வேற, 'டெஃபனட்லி லாஸ்ட்' வேறன்னு பிரிச்சுத்தான் காட்டுது. லைப்ரரி எழுதுறவங்களுக்கு மட்டும் விலக்கு. அதை எத்தனை தடவை ஏத்தி இறக்குவாங்கன்னு யாருக்குத் தெரியும்?

இதெல்லாம் விட முக்கியமா ஒண்ணு. நீங்க பாத்துப் பாத்து எழுதின அந்த கடைசி நேர கோட் ஓடும்னு யார் சொன்னா? கரண்ட் போனா ஓடாது. எண்ட் டாஸ்க் குடுத்தா ஓடாது. கில் மைனஸ் 9-க்கும் ஓடாது. 2003-லயே கேண்டியாவும் ஃபாக்ஸும் 'க்ராஷ் ஒன்லி சாஃப்ட்வேர்'னு ஒரு கட்டுரையில, எப்ப விழுந்தாலும் எழுந்திருக்கிற மாதிரியே ப்ரோகிராமைக் கட்டுங்கன்னு சொல்லிட்டாங்க.

அதனால, யூசர் தட்டினதை அப்பப்ப சேமிங்க. புது ஃபைல்ல எழுதி, டிஸ்க்ல இறங்கிடுச்சான்னு உறுதி பண்ணிட்டு, அப்புறமா பழசு மேல பேரை மாத்துங்க. மூணு மணி நேரம் உக்காந்து தட்டின மனுஷனுக்கு அவன் எழுத்துதான் வேணும். உங்க டிஸ்ட்ரக்டரோட அழகு இல்ல.

கும்முறவங்க வரிசையில வரலாம்!